மெசின் பழுது என்று நான்கு தரம் சொன்னேன்

எக்கோ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

பல வருடங்களாக நான் ஒரு விசர்த்தனமான விடயத்தை நம்பிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது வந்து உங்களுக்குச் சொல்லிச் சிரிக்கமுன்னர் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அறையில் இருந்த இதய ஸ்கான் மெசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய, என்னுடைய இதயத்தைப் பார்த்தால் போதும் என்று நம்பினேன். திரையில் என் இதயம் வடிவாகத் தெரிந்தால் மெசின் சரி. வடிவாகத் தெரியாவிட்டால் மெசின் பழுது. இதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்பது என் மண்டைக்குள் ஒருநாளும் ஏறவில்லை.

திங்கட்கிழமைகளில் நோயாளர்கள் வருமுன் சேட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இடப்பக்கம் சரிந்து படுப்பேன். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, நானே கருவியைப் பிடித்துத் திரையைப் பார்ப்பேன். "திங்கட்கிழமைப் பூசை" என்று மற்றவர்கள் நக்கலடிப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் என் நெஞ்சில்தான் கை பழகினார்கள். 'நோர்மல்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியவேண்டுமென்றால் என் இதயத்தைப் பாருங்கள் என்று புழுகிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப் புழுகிய காலத்தில் எனக்கு எட்டு வருடமாகச் சீனி வருத்தம். அதை நான் ஒளிக்கவும் இல்லை. நீரிழிவு கிளினிக்கில் எனக்கும் ஒரு கொப்பி இருந்தது. அதில் எக்கோ என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு திங்களும் பார்க்கிறேன்தானே, பிறகு எதற்குப் பதிவு?

நான் பார்த்தது மெசினைத்தான், பிள்ளைகளே. படம் தெளிவா, வெளிச்சம் காணுமா, கோடு விழுகிறதா என்று பார்த்தேன். அந்தப் படத்துக்குள் ஒரு மனுசனின் இதயம் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

சீனி வருத்தக்காரருக்கு ஏன் இந்த ஸ்கான் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள். சீனி கனகாலம் கூடி நிற்க, நரம்புகள் மரத்துப்போகும். காலில் முள் ஏறினாலும் தெரியாத மாதிரி, இதயத்தில் இரத்தம் அடைபட்டாலும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாரடைப்பெல்லாம் மற்றவர்களுக்கு. இவர்களுக்கு அது சத்தம் போடாமல் வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஸ்கானில்தான் அதன் அடையாளம் தெரியும். வடம் பிடித்துத் தேர் இழுக்கிற கூட்டத்தில் ஒருவன் கயிற்றைத் தொட்டபடி சும்மா நடந்து வருவானே, இரத்தம் கிடைக்காத தசையும் அப்படித்தான். மற்றப் பக்கமெல்லாம் சுருங்கித் தடிக்கும். அது மட்டும் அசையாமல் கிடக்கும்.

இதை எனக்குப் பழக்கியவர் ஒரு பெரிய டொக்டர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுன்னாகத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வெங்காயம் செய்கிற குடும்பம். பதினைந்து வருடச் சீனி, காலில் ஆறாத புண். புண்ணை வெட்டமுன் இதயத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"அம்மா, நெஞ்சு நோ ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

நான் "நோ இல்லை" என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற டொக்டர் என் பேனையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, தோட்டத்துக்குப் போறனீங்களோ?"

"போகாமல்? ஆர் கிண்டுறது?"

"இந்தமுறை கிண்டேக்கை முந்தின மாதிரி ஏலுதோ?"

"அதையேன் கேக்கிறியள் ஐயா. போன மாசம் ஒருநாள் வரம்பிலை குந்தினனான், எழும்ப ஏலேல்லை. தெப்பமா வேர்த்துப்போச்சு. ரெண்டு தரம் சத்தி எடுத்தனான், திண்டதெல்லாம் வெளியிலை வந்திட்டுது. வாய்வு எண்டு உள்ளி அவிச்சுக் குடிச்சனான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கருவியை வைத்தேன். அந்த அம்மாவின் இதயத்தில் முன்பக்கம் பாதி அசையவில்லை.

அன்று அவர் எனக்குச் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்கு ஒப்புவித்திருக்கிறேன். "சீனி வருத்தக்காரர் ஒண்டுமில்லை எண்டு சொன்னால் அதை மறுமொழியா எடுக்காதையும். களைப்பு, வேர்வை, சத்தி, மூச்சு எண்டு கேளும். அவை செய்யிற வேலையை வைச்சுக் கேளும்." அந்த அம்மாவுக்கு முதலில் இதயத்தைப் பார்த்து, பிறகு கால் புண்ணை வெட்டினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஒரு பை வெங்காயத்துடன் வந்து, என்னைக் கண்டதும் "நோ இல்லை எண்டு எழுதின தம்பி" என்று அடையாளம் சொன்னார்.

இவ்வளவும் கையில் இருந்தது எனக்கு. இனி நான் ஆடிய கூத்தைக் கேளுங்கள்.

ஒரு திங்கட்கிழமைப் பூசையில் படம் எனக்குப் பிடிக்கவில்லை. பழுது அறிவிக்கிற பாரம் ஒன்றை நிரப்பி, மெசினைப் பழுது பார்க்கக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த கிழமை வியாழக்கிழமை பின்னேரம்தான் அது திரும்பி வந்தது. இடையில் வந்த ஆட்களையெல்லாம் "மெசின் பழுது, பேந்து வாங்கோ" என்று திருப்பி அனுப்பினோம்.

மறுநாள் வெள்ளி காலை, நடைவழி நிறையச் சனம். இரத்தம் குத்துவதற்காக வெறும் வயிற்றுடன் வந்து, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வாங்குகளில் இருந்தார்கள். எனக்கோ மனம் அங்கே இல்லை. அன்று பின்னேரம் நாலரைக்கு, நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான கரப்பந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் ஊர் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் தரம். முன்வரிசையில் அடிக்கிறவன் நான். விளையாட்டுச் சப்பாத்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் காலையிலிருந்தே தயாராக இருந்தது.

அறையில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்வம் அண்ணை, சிற்றூழியர். தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுகிறவர், சேட்டுக்குள் அடங்காத வண்டியும் அதற்கேற்ற வண்டி. மற்றவர் தர்சினி. பருத்தித்துறைப் பக்கம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வேலைக்கு வந்து ஆறு கிழமை. வந்த முதல் நாள் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டதற்கு ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லி "அண்ணை"க்கு மாற்றியிருந்தேன். என் பகிடிக்கு இந்த ஆஸ்பத்திரியில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

"பிள்ளை, மெசின் வந்திட்டுது. வாரும், பரீட்சிச்சுப் பாப்பம்," என்று சேட்டைக் கழற்றிப் படுத்தேன். தர்சினி ஜெல்லைப் பூசிக் கருவியை வைத்தார்.

"படம் வடிவா வருதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப சரி. சனத்தைக் கூப்பிடுவம்."

கருவி நெஞ்சிலிருந்து எடுபடவில்லை.

"என்ன பிள்ளை, என்ரை இதயத்தைக் கண்டு மயங்கிப்போனீரோ? கனபேர் மயங்கினவை."

"அண்ணை, இதயத்தின்ரை கீழ்ச்சுவர் ஆடேல்லை."

"உம்மடை கை சரியில்லை. கொஞ்சம் சரிச்சுப் பிடியும்."

சரித்துப் பிடித்தார். பிறகு இடம் மாற்றிப் பிடித்தார். என்னை மூச்சை அடக்கச் சொன்னார், விடச் சொன்னார்.

"இப்பவும் ஆடேல்லை அண்ணை."

"அப்ப மெசின் பழுது," என்றேன். அது முதல் தரம்.

எழும்பி, நெஞ்சில் ஜெல் வழிய வழிய, கொழும்பில் பழுது பார்த்த பொறியியலாளருக்கு அழைப்பெடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெடியன்தான்.

"தம்பி, என்ன பழுது பாத்தனீங்கள்? மெசின் இன்னும் பழுதாக் கிடக்கு." இரண்டாம் தரம்.

"படம் மங்கலோ அண்ணை?"

"இல்லை."

"இருட்டோ?"

"இல்லை, வடிவா இருக்கு."

"கோடு விழுதோ?"

"இல்லையடாப்பா. ஒரு பக்கச் சுவர் ஆடேல்லை."

அவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணை, மெசினுக்கு மங்கத் தெரியும், இருளத் தெரியும். ஒரு சுவரை மட்டும் பிடிச்சு நிப்பாட்ட அதுக்குத் தெரியாது. ஆரின்ரை இதயம் பாக்கிறியள்?"

நான் அழைப்பை வெட்டினேன். தொடர்பு விட்டுப்போய்விட்டது என்று தர்சினிக்குச் சொன்னேன்.

"செல்வம் அண்ணை, ஒருக்கால் ஏறிப் படுங்கோ."

"நானோ? எனக்கு என்ன?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை. மெசினுக்குத்தான் பழுது. பாப்பம்." மூன்றாம் தரம்.

செல்வம் அண்ணை கடவுளை நினைத்துக்கொண்டு படுத்தார். தர்சினி கருவியை வைத்ததும் திரையில் அவருடைய இதயம் மேலும் கீழும் இடமும் வலமும் சுருங்கி விரிந்து, சாமி வந்த மாதிரிச் சன்னதம் ஆடியது. நாலு கரண்டி சீனி, பொரித்த கச்சான், ஒருநாளும் ஓடாத கால்கள். அந்த மனுசனுடைய கீழ்ச்சுவரைப்போல ஒரு கீழ்ச்சுவரை நான் பாடப் புத்தகத்தில்கூடக் கண்டதில்லை.

"எனக்குச் சரியோ தம்பி?" என்று கேட்டார்.

"உங்களுக்குச் சரி," என்றேன்.

அவரை இறக்கிவிட்டு நானே ஏறிப் படுத்து, கருவியைத் தர்சினியின் கையிலிருந்து பறித்தேன். எனக்குத் தெரிந்த கோணமெல்லாம் பிடித்தேன். தெரியாத கோணங்களும் பிடித்தேன். திரையை எட்டிப் பார்த்ததில் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. இதயத்தின் மற்றப் பக்கங்கள் தங்கள் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தன. கீழ்ச்சுவர் கயிற்றைத் தொட்டபடி சும்மா நடந்து வந்தது.

"மெசின் பழுது," என்றேன். நான்காம் தரம். இந்தத் தரம் நானே நம்பவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெல்லைத் துடைக்காமல் சேட்டை மாட்டினேன், அதுவும் உட்பக்கம் வெளியாக. என் நாடியை நானே பிடித்து எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் எண் மறந்துபோனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன், மறுபடியும் பதினொன்று. பிறகு ஒரு துணியை எடுத்து மெசினைத் துடைக்கத் தொடங்கினேன். மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். ஆயிரக்கணக்கான இதயங்களைப் பார்த்த மனுசன், தன்னுடையதைக் கண்டதும் மெசின் சக்கரத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

தர்சினி பதிவுப் பாரத்தை எடுத்து என் பெயரை எழுதினார்.

"எனக்கு எதுக்குப் பாரம்?"

"பாத்தது எண்டால் எழுதத்தானே வேணும் அண்ணை."

"அப்ப நோர்மல் எண்டு எழுதும்."

"ஏலாது அண்ணை."

"பகிடிக்குத்தான் பிள்ளை."

"பகிடிக்கும் ஏலாது." பேனையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "அண்ணை, இந்தக் கிட்டடியிலை ஏதும் களைப்பு, வேர்வை, சத்தி?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை எண்டதை மறுமொழியா எடுக்கக்கூடாது எண்டு எனக்கு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

செல்வம் அண்ணை சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் வாயைத் திறந்தேன். ஒரு பகிடி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"பந்து அடிக்கேக்கை முந்தின மாதிரி ஏலுதோ அண்ணை?" என்று தர்சினி கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில், பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கக் கையை ஓங்கினபோது உடம்பு முழுக்கக் குப்பென்று வியர்த்தது. கண் இருட்டியது. கோட்டுக்கு வெளியே போய்ச் சத்தி எடுத்தேன். "மத்தியானம் ஆட்டிறைச்சி கூடிப்போச்சு" என்று பெடியள் சிரித்தார்கள். சீனி இறங்கிவிட்டது என்று நான் இரண்டு ரொபியைச் சப்பி, ஒரு சோடாவும் குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு படி ஏறினால் கொஞ்சம் இளைத்தது. வயது போகுது என்று நினைத்தேன்.

"எந்த ஞாயிறு?"

"போன ஞாயிறில்லை. அதுக்கு முதல் ஞாயிறு."

தர்சினி எழுதினார். எழுதி முடித்து எழும்பினார். மேசையில் இருந்த என் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டார்.

"உதென்னத்துக்கு?"

"நீங்கள் போவியள் அண்ணை."

அவர் சொன்னது உண்மை. வெளியில் இத்தனை சனம் வெறும் வயிற்றோடு இருக்கிறது, முதலில் அவர்களைப் பார்த்து முடித்துவிட்டு, மத்தியானம் கிளினிக் டொக்டரிடம் ஆறுதலாகப் போகிறேன் என்று நான் சொல்ல இருந்தேன். கேட்கிறவர்களுக்கு அது கடமையுணர்ச்சி மாதிரி இருந்திருக்கும். மத்தியானம் ஆனால் பின்னேரம் என்று சொல்லியிருப்பேன். பின்னேரம் நாலரைக்குச் சப்பாத்துப் போட்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். ஆறு கிழமையில் அவருக்கும் தெரிந்திருந்தது.

"செல்வம் அண்ணை, இவரை இருத்தி வைச்சிருங்கோ, நடக்க விடாதையுங்கோ," என்று சொல்லிவிட்டு டொக்டரைக் கூட்டிவரப் போனார். ஓடவில்லை. வேகமாக நடந்தார். போகிற வழியில் நடைவழியில் இருந்தவர்களிடம், "இரத்தம் குடுத்த ஆக்கள் சாப்பிடுங்கோ. ஸ்கான் சுணங்கும்," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று என்னென்ன தடைகள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் படுத்திருந்தவன் தன்னைப் பழக்கியவன். "உம்மடை கை சரியில்லை" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டான். மெசின் பழுது பார்க்கப் போய் முதல் நாள்தான் வந்தது. ஆறு கிழமைக் கையை நம்புவதா, இத்தனை வருடத்து வாயை நம்புவதா? என் வாயை நம்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தன் கண்ணை நம்பினார். நம்பினதோடு நிற்காமல், ஆளைத் தப்பவிடாமல் திறப்பையும் எடுத்தார். கோணம் பிடிக்கிறது எல்லாருக்கும் வரும், நாள் செல்லும், அவ்வளவுதான். திறப்பை எடுக்கிற புத்தியைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

டொக்டர் வந்தார். ஈசிஜி எடுத்தார்கள். தாள் வெளியே வர வர அவருடைய முகத்தை நான் பார்த்தேன். நோயாளர்கள் எங்கள் முகத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"என்ன டொக்டர்?"

"மாரடைப்பு."

"எனக்கு மாரடைப்பு வரேல்லையே."

"வந்திட்டுப் போட்டுது. நீங்கள்தான் ஆள் வீட்டிலை இல்லாத மாதிரி இருந்திருக்கிறியள்."

நான்தான் பகிடிக்காரன் என்று நினைத்திருந்தேன்.

உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டும், ஓர் அடியும் நடக்கக்கூடாது என்றார். சில்லுக் கதிரை வந்தது. என் நோயாளர்களுக்கு நடுவால், உட்பக்கம் வெளியாகப் போட்ட சேட்டுடன், செல்வம் அண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு போனார். நடைவழியில் இடியப்பத்தை வாயில் வைத்தவர்கள் மெல்லவில்லை. கைதடியிலிருந்து வருகிற ஒரு ஐயா மட்டும், ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர், கதிரைக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"என்ன தம்பி, போன கிழமை மெசின் பழுது எண்டியள். இண்டைக்கு ஆள் பழுதோ?"

எத்தனையோ வருடமாக மற்றவர்களைச் சிரிக்கவைத்த எனக்கு, அதற்குச் சிரிக்கத் தெரியவில்லை.

அம்புலன்சுக்குள் வைத்து மனைவிக்கு அழைப்பெடுத்தேன்.

"இஞ்சேரும், எனக்கு மாரடைப்பாம். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகினம்."

"உந்தப் பகிடியெல்லாம் என்னட்டை வைச்சுக்கொள்ளாதையுங்கோ. அடுப்பிலை கறி கிடக்கு." வைத்துவிட்டார்.

குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், சந்தைக்குப் போகப் பஞ்சியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்து காட்டியவன் நான். மறுபடி எடுத்தேன். "கறி கருகினால் நீங்கள்தான் தின்ன வேணும்" என்றார், வைத்தார். மூன்றாம் முறை, கூட வந்த தர்சினி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"அக்கா, நான் தர்சினி. அண்ணையோடை வேலை செய்யிறனான். அண்ணை பகிடி விடேல்லை."

அந்தப் பக்கத்தில் அழுகை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ பாத்திரம் நிலத்தில் வைக்கப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பதகளிப்பு. பயம் வேறு. அது வந்தால் மனுசன் அமைதியாகிவிடுகிறான். சாவகச்சேரி தாண்டி யாழ்ப்பாணம் வரும்வரை நான் ஒரு சொல்லும் பேசவில்லை. தர்சினி இடைக்கிடை என் முகத்தை எட்டிப் பார்த்தார். நான் பேசாமல் இருந்ததை அவர் ஒரு அறிகுறியாகக் குறித்து, அங்கே இருந்த டொக்டரிடமும் சொன்னாராம்.

அன்று பின்னேரம் நாலரைக்கு, நான் பந்து அடிக்க இருந்த நேரத்தில், என் மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு இதயக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். கீழ்ப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் முழுக்க அடைபட்டிருந்தது. அதைவிட, முன்பக்கத்துப் பெரிய குழாய் ஒரு நூல் அளவுக்கு ஒடுங்கிப் போயிருந்தது. அன்றைக்கு மைதானத்தில் துள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அந்த டொக்டர், "உதை இப்ப ஏன் கேக்கிறியள்?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. ஒடுங்கிய குழாயை விரித்து உள்ளே ஒரு சுருள் வைத்தார்கள். எங்கள் ஊர் அன்று நான் இல்லாமலே வென்றது. அந்த நோ எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நாலாம் நாள் தர்சினி என்னைப் பார்க்க வந்தார். திருப்பி அனுப்பிய ஆட்களையெல்லாம் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கைதடி ஐயா முதல் ஆளாக வந்து போனதாகவும் சொன்னார்.

"அவருக்கு எப்பிடி?"

"ஒண்டுமில்லை அண்ணை. நான் கேட்டும் பாத்தனான், ஸ்கானிலையும் பாத்தனான்."

பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மெசினோடு வந்த பெட்டிக்குள் கிடந்ததாம். ஒன்று, கொழும்பிலிருந்து பொறியியலாளர் அனுப்பிய குறிப்பு. அது வந்தபோது நான் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாப் பாகங்களும் சோதிக்கப்பட்டன, பழுது எதுவும் காணப்படவில்லை, துப்புரவு செய்து திருப்பி அனுப்பப்படுகிறது என்று அதில் இருந்தது.

மற்றது, நான் நிரப்பி அனுப்பிய பாரத்தின் பிரதி. என் கையெழுத்து. பழுதின் விபரம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தேன்: "படத்தில் கீழ்ப்பக்கம் அசைவு தெரியவில்லை."

திகதியைப் பார்த்தேன். நான் கோட்டுக்கு வெளியே போய்ச் சத்தி எடுத்த ஞாயிறுக்கு மறுநாள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை அதை நானே ஸ்கானில் பார்த்தேன். பார்த்துவிட்டு, மெசினைக் கொழும்புக்கு அனுப்பினேன்.